இடுப்பு இருபத்தெட்டு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. கம்பெனியில் எல்லோருக்கும் அவள் மீடியம். வாட்ச்மேனுக்கு மீடியம் அக்கா, தையல் மாஸ்டருக்கு வெறும் மீடியம். கட்டின புருஷன்கூட, அவள் சத்தம் போட்டால், "என்ன மீடியம், இன்னைக்கு லார்ஜா கத்துற" என்பார்.

அது பெண்களுக்குச் சட்டையும் கவுனும் தைத்துக் கடைகளுக்கு அனுப்புகிற கம்பெனி. கீழ் இரண்டு மாடியிலும் மிஷின்கள். மூன்றாம் மாடியில் சாம்பிள் அறை. எந்தப் புது மாடலும் முதலில் அங்கேதான் ஒரே ஒரு உருப்படி தைக்கப்படும். அது உடம்பில் ஒழுங்காக உட்கார்ந்த பிறகுதான் கீழே ஆயிரக்கணக்கில் வெட்டுவார்கள். துணிக்கடையில் சட்டை வாங்குகிறவர்கள் கழுத்துக்குப் பின்னால் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த மீடியம் யார் வைத்த அளவு என்று ஒருவரும் கேட்டதில்லை. ஏதோ வானத்திலிருந்து விழுந்தது என்று நினைப்பு. வானத்திலிருந்து விழவில்லை. மூன்றாம் மாடியில் மூன்று பலகைக் கண்ணாடி முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

நிற்பதுதான் வேலை. சாம்பிளைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், உட்கார வேண்டும், குனிந்து தரையைத் தொட வேண்டும். அக்குளில் இழுத்தால் இழுக்கிறது என்று சொல்ல வேண்டும். மாஸ்டர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார். கேட்டால் சுலபம். அந்த உடம்பை அப்படியே வைத்துக்கொள்வதுதான் பாடு.

வேலைக்கு வந்த புதிதில் அவள் கீழ் மாடியில் நூல் பிசிறு வெட்டுகிறவள். வயது பத்தொன்பது. அந்தக் காலத்தில் பெண் என்றால் கொஞ்சம் பூசினாற்போல் இருக்க வேண்டும். கன்னத்தில் சதை இருந்தால்தான் நல்ல வீட்டில் வளர்ந்தவள். இவளுக்கு எதுவும் ஒட்டவில்லை. அம்மா முட்டையும் பாலுமாகக் கொடுத்துப் பார்த்தாள். கல்யாணப் பேச்சு மூன்று இடத்திலிருந்து வந்து, ஆளைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது. கூடப் பிறந்த அக்காவே, "இவளைக் கட்டுறவன் ராத்திரி தடவித் தேடணும்" என்று சொல்லிச் சிரித்தவள்தான்.

அப்படி இருக்கையில் ஒருநாள் சாம்பிளைப் போட்டுப் பார்க்க மூன்றாம் மாடிக்கு வந்த பொம்மையைச் சரக்கு லிப்டில் ஏற்றும்போது கீழே போட்டு இடுப்போடு உடைத்துவிட்டார்கள். சாம்பிள் மறுநாள் போயாக வேண்டும். மாஸ்டர் கீழே இறங்கி வந்து, வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தார். இவள் பின்னால் வந்து நின்றார்.

"நீ எழுந்திரும்மா."

வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். மேலே கூட்டிக்கொண்டு போய்க் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தார். மார்பு, இடுப்பு, பின்பக்கம். எல்லாம் எழுதிவிட்டு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இடுப்பு இருபத்தெட்டு. பொம்மைக்கும் இருபத்தெட்டு. உன்னை எவனோ பேட்டர்ன் போட்டு வெட்டியிருக்கான்."

அந்த உடம்பைப் பற்றி அதுவரை ஒருவரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இருபத்தெட்டு இருபத்தெட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

ஆனால் முதல் சாம்பிள் அவளுக்கு இடுப்பில் இறுக்கிப் பிடித்தது. ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை. மாஸ்டர் தலையைச் சொறிந்தார். வெட்டினவனைத் திட்டினார். தைத்தவனைத் திட்டினார். துணி சுருங்கிவிட்டது என்றார். கடைசியில் பக்கத் தையலைப் பிரித்து விட்டு, அவள் உடம்புக்குச் சரியாக உட்கார வைத்து, அதன்படி துணி வெட்டுகிற அட்டைப் பேட்டர்னையும் திருத்தி ஆணியில் மாட்டினார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர் கழுத்தில் கிடந்ததை மட்டும் சந்தேகப்படவில்லை. தொழில் பழகின நாளிலிருந்து கிடக்கிற துணி டேப். வியர்வையில் நனைந்து, இஸ்திரிச் சூட்டில் காய்ந்து, ஒரு நாளைக்கு நூறு தடவை இழுபட்டது.

அந்த மாடல் கடைகளில் பறந்தது. மற்ற கடையில் லார்ஜ் கேட்டுக் கூசி நின்ற பெண்களுக்கு இந்தக் கம்பெனியில் மீடியம் போதுமானதாக இருந்தது. எந்தப் பெண்ணுக்குத்தான் கசக்கும்? முதலாளி நேரில் வந்து மாஸ்டரின் முதுகைத் தட்டினார். உடைந்த பொம்மைக்குப் பதில் வேறு பொம்மை வாங்கவே இல்லை. மீடியத்துக்கு மூன்றாம் மாடியில் ஒரு நாற்காலியும் ஒரு மின்விசிறியும் கிடைத்தன. திங்கட்கிழமைதோறும் மாஸ்டர் அவளை அளந்து நோட்டில் குறிப்பார். அரை அங்குலம் ஏறினால் வேறு ஆள். அதுதான் பேச்சு.

பிறகு கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை லிப்ட் மெக்கானிக். பெண்ணின் உடம்பைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் அதே அகலம்தான். ஒரு மகள் பிறந்தாள். பிள்ளை பெற்று நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்த மீடியம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் டேப்பைச் சுற்றினார். டேப்பைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"இருபத்தெட்டு" என்றார்.

கம்பெனியே வாயைப் பிளந்தது. பிள்ளை பெற்றும் அரை அங்குலம் ஏறாதவள் என்று புது ஆட்களிடம் காட்டினார்கள்.

காலம் கேட்கிற உடம்பு மாறிக்கொண்டே இருந்தது. ஒரு நாலைந்து வருஷம் மார்பு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றார்கள். மாஸ்டர் பஞ்சு வைத்துக் கட்டினார். அப்புறம் பலகை மாதிரி தட்டையாக வேண்டும் என்றார்கள். பஞ்சைப் பிடுங்கிவிட்டு இறுக்கிக் கட்டினார். அப்புறம் இடுப்பு ஒடுங்கிப் பின்பக்கம் பெருத்திருக்க வேண்டும் என்றார்கள்.

"ஒரு உடம்பை வச்சுக்கிட்டு எத்தனை பேருக்கு மாஸ்டர் நான் பதில் சொல்றது?"

"உடம்பு உன்னுது இல்லம்மா. கம்பெனியோடது. நீ சும்மா தூக்கிட்டு நடக்குற."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன மாறினாலும் இடுப்பு மட்டும் இருபத்தெட்டு. அவளுக்கு அதில் ஒரு கர்வம் வந்துவிட்டது. வந்ததில் தப்பு சொல்ல முடியாது. அவளிடம் வேறு என்ன இருந்தது கர்வப்பட?

அந்தக் கர்வம் வீட்டுக்கும் வந்தது. மகளுக்குத் தலை வாரும்போதும், சட்டை எடுத்துக் கொடுக்கும்போதும், "அம்மாவுக்கு அப்பவும் இருபத்தெட்டு, இப்பவும் இருபத்தெட்டு" என்பாள். மகள் பதினாறு வயதில், பள்ளிக்கூடத்துத் தையல் பாடத்துக்காக ஒரு புது டேப் வாங்கிவந்தாள். பிளாஸ்டிக் பூசின, நீளாத டேப். சமையலறையில் நின்று தன் இடுப்பைச் சுற்றிப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு இருபத்தொன்பதரை."

மீடியம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"ஒரு பிள்ளை பெத்தவகிட்ட ஒன்றரை இன்ச் தோத்துட்டியேடி."

"லிப்ட் தாங்குற எடைக்குள்ளதான் இருக்கா, விடு" என்றார் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. மகளும் சிரித்தாள். அன்றைக்கு அவ்வளவுதான் நடந்தது.

முதலில் மகளின் காலைச் சாப்பாடு நின்றது. நேரமாகிவிட்டது என்றாள். பிறகு பள்ளிக்குக் கொண்டுபோன டப்பா கழுவித் துடைத்த மாதிரி வந்தது. நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று மீடியம் சந்தோஷப்பட்டாள். மகள் பக்கத்துத் தெருவில் நாய்க்குப் போட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் புரிந்தது. வெயிலில்கூடக் குளிர்கிறது என்று ஸ்வெட்டர் போட்டாள். குளியலறை வடிகால் சல்லடையில் முடி பந்து பந்தாக அடைத்தது. மாதவிலக்கு நின்றுபோனது. தட்டை வைத்தால் ஒரு மணி நேரம் அதைக் கிளறிக்கொண்டே இருப்பாள், குறையாது. கெஞ்சினார்கள். திட்டினார்கள். லிப்ட்காரர் ஒருநாள் தட்டைச் சுவரில் எறிந்தார். பிறகு அவரே முட்டிபோட்டுத் துடைத்தார்.

டாக்டரம்மா அது ஒரு நோய் என்று பேர் சொன்னார். இதயம் பலவீனமாகிறது, விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும் என்றார். மருந்தைவிடப் பேச்சுதான் முக்கியம் என்று மனநல ஆலோசனை தருகிற ஓர் இடத்துக்கு அனுப்பினார். மகள் நான்கு தடவை போனாள், ஐந்தாவது தடவை கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதற்கு நடுவில் பார்க்கிற ஜனம் எல்லாம் பாராட்டினார்கள். அதுதான் மீடியத்துக்குப் பொறுக்கவில்லை. தெருவில் நிறுத்தி, "எப்படி இளைச்ச, எனக்கும் சொல்லிக் குடேன்" என்பார்கள். அவளுடைய அக்கா, அந்தத் தடவித் தேடச் சொன்ன அக்காவேதான், மகளின் கன்ன எலும்பைத் தொட்டு, "என் பொண்ணும் இருக்காளே பூசணிக்கா மாதிரி. நீ போட்டோவுக்கு நின்னா எப்படி இருக்க தெரியுமா" என்றாள்.

"அக்கா, அவளுக்கு உடம்பு சரியில்ல."

"சும்மா இருடி. கண்ணு வச்சிடுவேன்னு பயப்படுறியா?"

மகளுக்குப் பதினெட்டு ஆனது. அதே வருஷம் கம்பெனிக்கு டிசைன் பார்க்க ஒரு புது மேடம் வந்தார். வந்த முதல் திங்கட்கிழமை, மாஸ்டர் டேப்பை எடுக்கும் முன் தன் கைப்பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தார்.

"நான் பார்க்கிறேனே."

சுற்றினார். மறுபடி சுற்றினார்.

"முப்பத்தொன்னு. இங்க இருபத்தெட்டுன்னு எழுதியிருக்கு?"

மீடியம் நோட்டை எட்டிப் பார்த்தாள். "இல்ல மேடம், உங்க டேப் தப்பா இருக்கும்" என்றாள். மேடம் கோபப்படவில்லை. வெட்டும் மேஜையில் பதித்திருந்த இரும்பு ஸ்கேலின் மேல் தன் டேப்பை நீட்டினார். கோட்டுக்குக் கோடு சரியாக இருந்தது. மாஸ்டரின் டேப்பை வாங்கி நீட்டினார். அதன் இருபத்தெட்டு, ஸ்கேலில் முப்பதைத் தாண்டி நின்றது.

"மிச்சம் உங்க கை இழுத்ததா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, இனி மீடியத்துக்கு உயிருள்ள ஆள் வேண்டாம், பொம்மை போதும், இளம் பெண்களுக்கென்று ஒல்லியான புது உடுப்பு வரிசை வருகிறது, அதற்கு மட்டும் வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். மீடியத்துக்கு இரண்டு வாரம் கெடு. பிறகு கீழ் மாடியில் ஏதாவது பார்த்துக் கொடுப்பார்களாம்.

அறையில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"உங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்?"

"நீ பிள்ளை பெத்துட்டு வந்தப்பதான் தெரிஞ்சுது. டேப் நீண்டிருக்குன்னு. புதுசு வாங்கினா நீ கீழ போயிடுவ. கைக்குழந்தையோட வந்து நிக்கிற. எனக்கு மனசு வரல."

"அதுக்கு முன்னாடி? நான் முதல்ல வந்தப்ப?"

மாஸ்டர் சுவர் ஓரம் போனார். ஆணிகளில் அட்டைப் பேட்டர்ன்கள் கற்றை கற்றையாகத் தொங்கின. அடியிலிருந்து ஒன்றை உருவினார். அவள் உடம்புக்காகத் திருத்தின முதல் அட்டை. ஸ்கேலின் மேல் வைத்து அளந்து, தையலுக்கும் தளர்வுக்கும் விட்டதைக் கழித்தார்.

"இருபத்தொன்பதரை" என்றார்.

அவளுக்கு வேலை போனது அந்த நிமிஷம் மறந்தே போனது. இருபத்தொன்பதரை. வெங்காயம் நறுக்கின அன்று மகள் சொன்ன அதே அளவு. தோற்கவே இல்லை அவள். தாயும் மகளும் ஒரே அச்சு. இதைச் சொன்னால் போதும், பிள்ளை சாப்பிட்டுவிடுவாள் என்று தோன்றியது. இரண்டு வருஷத்தில் அவள் நம்பின முதல் விஷயம் அதுதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒரே மூச்சில் சொன்னாள். மகள் போர்வைக்குள் உட்கார்ந்து கேட்டாள்.

"என்னைச் சாப்பிட வைக்க நீ என்ன வேணும்னாலும் சொல்லுவம்மா."

"சத்தியமா சொல்றேன். அந்த டேப்பே பொய்."

"போன மாசம் டாக்டர் என் ரத்தத்துல ஏதோ குறைஞ்சுபோச்சுன்னு சொன்னதாச் சொன்ன. அப்புறம் அவங்களே அப்படிச் சொல்லலைன்னாங்க."

அது உண்மைதான். பயமுறுத்திச் சாப்பிட வைக்கலாம் என்று மீடியம் அப்படி ஒன்றை அவிழ்த்துவிட்டிருந்தாள். இப்போது உண்மையைச் சொல்ல வாய் இருந்தும் மதிப்பு இல்லை.

லிப்ட்காரர்தான் யோசனை சொன்னார். "நேர்ல கூட்டிட்டுப் போ. மாஸ்டர் வாயால சொல்லட்டும். ஸ்கேல் பொய் சொல்லுமா?"

மறுநாள் மத்தியானம் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று மாடிக்கு மகள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறினாள். மாஸ்டர் அவளைப் பல வருஷம் கழித்துப் பார்க்கிறார். குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு டேப்பையும் அட்டையையும் ஸ்கேலில் வைத்து, கோடு கோடாக விரல் வைத்துக் காட்டினார். தப்பு என்னுடையது என்றார்.

"உங்க அம்மா ஒரு நாளும் இருபத்தெட்டு இருந்தது இல்லம்மா. அன்னைக்கு நீ எப்படியோ, அப்படித்தான் அவளும். அழகாத்தான் இருந்தா. நீயும் அப்படித்தான் இருந்திருப்ப."

மகள் குனிந்து பார்த்தாள். ஸ்கேலை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். கணக்கில் கெட்டிக்காரி, புரிந்துவிட்டது. மீடியம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, உண்மைதான்" என்றாள் மகள்.

"பார்த்தியா? அப்ப..."

"அப்ப என்னம்மா? இருபத்தெட்டுக்குக் கீழ நான் இறங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு. அது இப்ப யாருக்கு வேணும்?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் எப்போதோ போய்விட்டது என்று தெரியாமல் நிற்கிற ஆளுக்குச் சொல்வது மாதிரி, பொறுமையாகச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளே வந்தார். மேஜையருகில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் அவர் நடை நின்றது. சுற்றி வந்து பார்த்தார்.

"யாரு இது?"

"என் பொண்ணு மேடம்."

"வயசு?"

"பதினெட்டு" என்று மகளே சொன்னாள்.

"ஸ்வெட்டரைக் கழட்டும்மா. மாஸ்டர், புது வரிசை சாம்பிள் ஒன்னு கொடுங்க."

"மேடம், அவளுக்கு உடம்பு சரியில்ல. வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்றாள் மீடியம்.

"எங்க? நல்லாத்தானே நிக்கிறா?"

மாஸ்டர் சாம்பிளைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். மகள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்து கண்ணாடி முன் நின்றாள். ஜிப் வழுக்கிக்கொண்டு ஏறியது. மாஸ்டர் முட்டிபோட்டுப் பார்த்தார். குண்டூசி குத்த ஒரு மடிப்பும் இல்லை. மேடம் தன் டேப்பைச் சுற்றி ஓர் எண்ணைச் சொன்னார். அது மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் இடுப்பு.

"கச்சிதம்" என்றார் மேடம். "திங்கட்கிழமையிலிருந்து வர முடியுமா?"

மூன்று கண்ணாடியிலும் மூன்று மகள்கள் சிரித்தார்கள். பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மீடியம் இரண்டு வருஷமாக எந்தெந்த வாசலிலோ போய் நின்றிருக்கிறாள்.

"அவ வரமாட்டா" என்றாள்.

"வர்றேன் மேடம்" என்றாள் மகள்.

சட்டப்படி அவள் இஷ்டம்தான். மேடம் போன பிறகு மாஸ்டர், "நான் அளந்து அதிகமாச் சொல்லிடவா? சேராதுன்னு அனுப்பிடலாம்" என்று மெதுவாகக் கேட்டார். மீடியம் கொஞ்சம் யோசித்தாள். அதிகம் என்று சொன்னால் பிள்ளை இன்னும் குறைப்பாள். குறைவு என்று சொன்னால் சந்தோஷப்பட்டு அங்கேயே நிற்பாள். சரியாகச் சொன்னால் வேலை. எந்த எண்ணிலும் வழி இல்லை.

"வேண்டாம் மாஸ்டர்" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மகள் ஜன்னல் ஓரம். அவள் முழங்கை இவள் விலாவில் குத்தியது. மகள் கடைகளின் கண்ணாடியில் நிற்கிற பொம்மைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அன்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"திங்கட்கிழமை எத்தனை மணிக்கும்மா போகணும்?"

மீடியம் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷத்துக்கு மேல் பழகின வாய்.

"எட்டரைக்கு. அளவு முடியுற வரைக்கும் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணிகூட" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. மகள் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மா சொன்ன ஒன்றைத் தட்டாமல், சரி என்று தலையை ஆட்டினாள்.